"கடினம்" என்று வந்தால் "இல்லை" என்று படிக்கவும்: நான்கு ஜப்பானிய விடுதிகளோடு நடந்த கடிதப் போக்குவரத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

முன்பதிவு உறுதி என்று மின்னஞ்சல் வந்ததும் பெரும்பாலானோர் பெட்டி கட்டுவதைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த மின்னஞ்சல் உறுதி செய்வது மூன்றே மூன்றைத்தான்: ஓர் அறை, ஒரு தேதி, ஒரு தொகை. இரவுச் சாப்பாட்டில் மீன் இருக்குமா, கட்டில் எத்தனை, நள்ளிரவில் போனால் கதவு திறப்பார்களா என்பதெல்லாம் அதில் இல்லை. அவற்றைத் தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் பயணம் ஒரே குடும்பத்துக்கு நடந்தது அல்ல. தமிழ்நாட்டிலிருந்து ஜப்பான் போகும் குடும்பங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒரே பயணத்தில் கோத்த மாதிரி இது. கணவன், மனைவி, 7 வயது மகள், 4 வயது மகன், முட்டுவலியுள்ள 71 வயதுப் பாட்டி. ஐவரும் சைவம், பால், தயிர் உண்டு, முட்டை கிடையாது. ஏப்ரல் 24 முதல் மே 2 வரை எட்டு இரவுகள்: டோக்கியோவில் நகர விடுதி 3, ஹக்கோனேயில் வெந்நீரூற்று ரியோகான் (மரபு முறை விடுதி) 1, கியோட்டோவில் சிறிய ஹோட்டல் 3, கோயா மலையில் கோயில் விடுதி 1.

தேதிகளிலேயே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளி விடுமுறை தொடங்கும் அதே வாரத்தில் ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை விடுமுறைகள் அடுத்தடுத்து வருகின்றன. 'கோல்டன் வீக்' என்று பெயர். நாடே பயணத்தில் இருக்கும். அறை நிரம்பிய விடுதிக்கு ஏப்ரல் கடைசியில் எழுதும் கடிதத்துக்குப் பதில் தாமதமாகும், வந்தாலும் சுருக்கமாக வரும். அதனால் முன்பதிவு செய்த அன்றே முதல் கடிதம், புறப்பட 14 நாள் இருக்கையில் இரண்டாவது, ஒவ்வொரு விடுதியிலும் போய் இறங்க 3 நாள் இருக்கையில் மூன்றாவது என்பது கணக்கு.

முதல் கடிதம் ஏன் பலிக்கவில்லை

நான்கு விடுதிகளுக்கும் முன்பதிவுத் தளத்தின் 'சிறப்பு வேண்டுகோள்' பெட்டியில் ஒரே பத்தி ஆங்கிலத்தில் போனது. தமிழில் சொன்னால் இப்படி: "நாங்கள் பியூர் வெஜ் குடும்பம். அம்மாவுக்கு முட்டுவலி. குழந்தைகள் சின்னவர்கள், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வார்கள். முதல் நாள் லேட்டாக வருவோம். தேவையானதைச் செய்து ரிவர்ட் செய்யவும்." மூன்று விடுதிகளிலிருந்து ஒரே மாதிரி பதில்: வேண்டுகோள் கிடைத்தது, முடிந்தவரை முயல்வோம். நான்காவதிலிருந்து ஒன்றுமில்லை.

கடிதத்தில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. ஆனால் ஒரு கேள்விகூட இல்லை. "முட்டுவலி" என்பது தகவல். அதற்கு நாற்காலி வேண்டுமா, கட்டில் வேண்டுமா, தரைத்தள அறை வேண்டுமா என்று விடுதிக்காரர் ஊகிக்க வேண்டும். ஜப்பானிய விடுதிகளில் ஊகித்துச் செய்து தவறாகிப்போவதைவிடச் செய்யாமல் இருப்பதையே விரும்புவார்கள்.

இன்னொன்று, அந்த ஆங்கிலம். பல சிறு விடுதிகளில் வரும் கடிதத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத்தான் படிக்கிறார்கள். 'பியூர் வெஜ்', 'நான்வெஜ்', 'டூ த நீட்ஃபுல்', 'ப்ரீபோன்' எல்லாம் இந்தியாவுக்குள் செல்லும் நாணயங்கள். 'ரிவர்ட்' என்றால் நமக்கு 'பதில் போடு'. செயலிக்கு அது 'பழைய நிலைக்கே திரும்பு'. முன்பதிவை ரத்து செய்யச் சொல்கிறாரோ என்று வரவேற்பு மேசையில் இருப்பவர் குழம்பினால் அவர்மேல் பிழையில்லை.

திருத்தி எழுதியது

இரண்டாவது முறை ஒவ்வொரு விடுதிக்கும் தனித்தனிக் கடிதம். ஒரு வரிக்கு ஒரு கேள்வி, வரிக்கு எண், ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் எழுதினால் போதும் என்ற அமைப்பு. மேலே ஆங்கிலம், கீழே அதையே செயலி தந்த ஜப்பானிய மொழியில். செயலி தந்ததை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்து, பொருள் கெடாத வரிகளை மட்டும் வைத்தார்கள். எழுவாயை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உண்டு என்பதால், 'நாங்கள்', 'விடுதி' என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியிலும் வெளிப்படையாக எழுதுவது நல்லது.

ஹக்கோனே ரியோகானுக்குப் போன கடிதத்தின் சாரம் (தாஷி என்பது சமையலின் அடிப்படைக் கொதிசாறு, கொம்பு என்பது ஒரு கடற்பாசி):

முன்பதிவு எண், தங்கும் தேதி 27 ஏப்ரல் (கிழமையும் சேர்த்து), 1 இரவு, பெரியவர் 3, சிறுவர் 2 (7 வயது, 4 வயது).
1. எங்களில் யாரும் இறைச்சி, மீன், இறால் வகை, முட்டை சாப்பிடுவதில்லை. மீன் தாஷியும் சாப்பிடுவதில்லை. கொம்பு தாஷி சாப்பிடுவோம். பால், வெங்காயம், பூண்டு சாப்பிடுவோம். இப்படி இரவு உணவு தர முடியுமா?
2. இதே முறையில் காலை உணவு தர முடியுமா?
3. முடியாவிட்டால் உணவில்லாத கட்டணத்துக்கு மாற்ற முடியுமா? அப்போது தொகை எவ்வளவு?
4. ஒருவருக்குத் தரையில் உட்கார முடியாது. சாப்பிட நாற்காலியும் மேசையும் தர முடியுமா?
5. அவருக்குக் கட்டில் உள்ள அறை இருக்கிறதா?
6. அறைக்குப் போகும் வழியில் படிகள் எத்தனை? லிஃப்ட் இருக்கிறதா?
7. 4 வயதுக் குழந்தைக்கு உணவும் தனிப் படுக்கையும் வேண்டாம். கட்டணம் எவ்வளவு?

தேதியை எண்களால் மட்டும் எழுதக்கூடாது. ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. நமக்கு நாள், மாதம், ஆண்டு. 27-ஆம் தேதியில் குழப்பம் வராது. கோயா மலையில் தங்கும் மே 1-இல் நிச்சயம் வரும். மாதத்தை எழுத்தில் எழுதிக் கிழமையையும் சேர்த்தால் தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வியை எதிர்மறையில் கேட்கக்கூடாது. "லிஃப்ட் இல்லையா?" என்றால் நாம் "ஆமா, இல்லை" என்போம். ஜப்பானிய மொழியிலும் அப்படியே. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த 'ஆமா' மட்டும் தனியாக வந்து நிற்கும், லிஃப்ட் இருக்கிறது என்று படித்துக்கொண்டு பாட்டியை அழைத்துப் போவோம்.

தாஷி

சைவ உணவு விஷயத்தில் தவறு நேர்வது அநேகமாக எப்போதும் இந்த ஒரு சொல்லில்தான். ரியோகானின் இரவு விருந்து பல சிறு தட்டுகளாக வரும். மிசோ சூப், வேகவைத்த காய்கறி, டெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா நூடுல்ஸின் குழம்பு என்று எதிலும் அடிப்படை தாஷி என்ற கொதிசாறு. வழக்கமாக அது காய்ந்த, புகையூட்டிய மீனைச் சீவிப்போட்டு எடுப்பது, கட்சுவோ தாஷி. தட்டில் மீன் கண்ணுக்குத் தெரியாது. 'வெஜிடேரியன்' என்று சொன்னதைக் கேட்டு மனமாரக் காய்கறி மட்டும் வைத்த சமையற்காரர், அதை மீன் சாற்றில்தான் வேகவைத்திருப்பார். அவர் பார்வையில் அவர் சொன்னபடிதான் செய்திருக்கிறார்.

அதனால் அடைமொழிகளை விட்டுவிட்டுப் பொருள்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்: நிக்கு (இறைச்சி), சக்கானா (மீன்), டமாகோ (முட்டை), கட்சுவோ தாஷி. மாற்றாக எது ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும்: கொம்பு என்ற கடற்பாசியிலிருந்தோ உலர்ந்த ஷீட்டாக்கே காளானிலிருந்தோ எடுக்கும் தாஷி. மாற்று எழுதப்பட்டிருந்தால் சமையலறைக்கு வழி தெரிகிறது. அது இல்லாத கடிதம் அவர்களுக்கு வெறும் தடைப் பட்டியல், பதில் 'முடியாது' என்றே வரும். சாக்கே, மிரின் என்ற அரிசி மதுக்கள் சமையலில் சேர்வதும் பொதுவழக்கம். அதுவும் ஆகாது என்பவர்கள் தனி வரியாக எழுத வேண்டும்.

அழுத்தம் சேரட்டும் என்று 'மீன் ஒவ்வாமை' என்று பொய் எழுதச் சொல்லும் யோசனை பரவலாக உலவுகிறது. செய்யாதீர்கள். ஒவ்வாமை என்றால் அது மருத்துவப் பொறுப்பு. ஒரே பாத்திரம், ஒரே எண்ணெய் என்ற கலப்பைத் தவிர்க்க முடியாத சிறு சமையலறை, உணவே தர இயலாது என்று சொல்லிவிடும். விருப்பம் என்று சொல்லியிருந்தால் கொம்பு தாஷியில் செய்து தந்திருக்கும்.

ஹக்கோனேயிலிருந்து வந்த பதில்: முதல் கேள்விக்கு "மீன் தாஷி இல்லாமல் இரவு உணவு எங்களுக்குக் கடினமாக உள்ளது, மிகவும் மன்னிக்கவும்." காலை உணவைப் பற்றி எதுவுமில்லை. நாற்காலி உண்டு. படிகள் 12, லிஃப்ட் இல்லை. கட்டில் அறை "பரிசீலிக்கிறோம்".

இதைப் படிப்பதற்குத் தமிழருக்குத் தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தவரிடம் "பார்க்கலாங்க" என்று சொல்கிறோமே, அதுதான். 'முசுகாஷீ', அதாவது 'கடினம்' என்று வந்தால் அது முழு மறுப்பு. "கொஞ்சம் முயற்சி செய்யுங்களேன்" என்று மறுபடி எழுதினால் இருவருக்கும் தர்மசங்கடம். 'பரிசீலிக்கிறோம்' என்பது பெரும்பாலும் இல்லை. பதிலே வராத கேள்விக்கும் 'இல்லை' என்றே குறித்துக்கொண்டு, அது முக்கியமானதென்றால் அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப அனுப்ப வேண்டும். ஏழு கேள்விகளையும் மறுபடி அனுப்பினால் மறுபடி நான்குக்குத்தான் பதில் வரும்.

குடும்பம் எடுத்த முடிவு: அறையை வைத்துக்கொண்டு, உணவில்லாத கட்டணத்துக்கு மாறுவது. 'சுடோமாரி' என்று கேட்டால் உடனே புரியும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தளத்தின் வழியாகப் பதிவு செய்ததை விடுதியோடு மின்னஞ்சலில் பேசி மாற்றினால், விடுதியின் நோட்டில் ஒரு தொகையும் தளத்தில் ஒரு தொகையும் நிற்கும். தளத்திலேயே மாற்ற வேண்டும். முடியாதென்றால் விடுதியின் ஒப்புதலைத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே எழுத்தில் வாங்க வேண்டும். கூடவே இரண்டு கேள்விகள்: வெளி உணவை அறையில் சாப்பிடலாமா, வெந்நீரும் மைக்ரோவேவும் கிடைக்குமா. ஹக்கோனே மலையூர், இரவில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் பொட்டலங்கள் போதும். அறைக்குள் குக்கர் வைக்கலாமா என்று கேட்கவே வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் போட்டால் விமான நிலையத்துத் தாவரச் சோதனையில் பறிபோகும்.

குழந்தையும் ஒரு தலை

ரியோகான் கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. தளத்தில் '3 பெரியவர்' என்று மட்டும் போட்டு, குழந்தைகளை அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்பது நம்மவர் வழக்கம். படுக்கை விரிப்பு, உணவு, தீப் பாதுகாப்பு எல்லாமே தலைக்கணக்கில் நடக்கும் இடத்தில், ஒரே விரிப்பில் அம்மாவோடு தூங்கும் குழந்தையும் எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

ஜப்பானில் வயதைவிடப் பள்ளி வகுப்பு முக்கியம். தொடக்கப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை ஒரு வகை, சேராத பிள்ளை வேறு வகை. அதனால் வயதோடு வகுப்பையும் எழுதலாம். பரவலாகக் கையாளப்படும் கணக்கு: பெரியவர் உணவுக்கு நிகரான உணவு தந்தால் பெரியவர் கட்டணத்தில் 70 சதம், சிறுவர் உணவும் படுக்கையும் என்றால் 50, படுக்கை மட்டும் என்றால் 30. பெரியவருக்கு உணவோடு 22,000 யென் என்று வைத்துக்கொண்டால், மூவருக்கு 66,000. மகளுக்குச் சிறுவர் உணவோடு 11,000. மகனுக்குப் படுக்கை மட்டும் எடுத்தால் 6,600. ஆக 83,600. 66,000 என்று நினைத்துப் போய் இறங்குபவருக்கு வரவேற்பு மேசையில் 17,600 யென் அதிகமாகத் தெரியும். இதற்கு மேல் வெந்நீரூற்று ஊர்களில் குளியல் வரி, பெரும்பாலும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 யென்.

கியோட்டோவில் தங்கல் வரி தனி. 2026 மார்ச் 1 முதல் அது உயர்ந்திருக்கிறது: ஓர் ஆளுக்கு ஓர் இரவுக் கட்டணம் 6,000 முதல் 19,999 யென் வரை என்றால் 400 யென், 20,000 முதல் 49,999 வரை என்றால் 1,000 யென். ஆளுக்கு 12,000 யென் அறையில் மூன்று பெரியவர்கள் மூன்று இரவு இருந்தால் 3,600 யென். தளத்தில் கட்டிய தொகையில் இது அடங்குமா, சிறுவருக்கும் உண்டா, அங்கே ரொக்கமாகவா கார்டிலா என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம்.

நகர விடுதிகளில் சிக்கல் வேறு. ஐவருக்கு ஒரே அறை அநேகமாகக் கிடைக்காது. இரண்டு அறை எடுக்க வேண்டும். 'அடுத்தடுத்த அறை' என்பதும் 'உள்ளே கதவால் இணைந்த அறை' என்பதும் வேறு வேறு. எது வேண்டும் என்று சொல்ல வேண்டும். கட்டிலில் 'செமி டபுள்' என்று ஒரு வகை இருக்கிறது. அகலம் சுமார் 120 சென்டிமீட்டர். இருவர் படுக்கலாம் என்று தளத்தில் போட்டிருக்கும். யார் இருவர் என்று போட்டிருக்காது. கட்டிலின் அகலத்தைச் சென்டிமீட்டரில் கேளுங்கள். புகைபிடிக்கும் அறைகளும் இன்னும் இருக்கின்றன.

பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர்

குடும்பத் தலைவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அவர் அப்பாவின் பெயர். மனைவிக்கு அந்த இடத்தில் கணவர் பெயர். பிள்ளைகளுக்கும் அதே. பாட்டிக்கு அந்த இடம் காலி. ஐந்து பேர், இரண்டு குடும்பப் பெயர்கள், ஒரு வெற்றிடம். நமக்கு இது சாதாரணம். குடும்பப் பெயரை வைத்தே முன்பதிவைத் தேடும் நாட்டில், ஒரே வீட்டார் என்று நினைக்க வழியில்லை.

முன்பதிவில் இனிஷியலைப் போட்டு, பாஸ்போர்ட்டில் அது விரிந்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. ஜப்பானில் முகவரியில்லாத வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டை விடுதிகள் வாங்கிப் பார்த்து நகலெடுத்து வைக்கும். ஐந்து பேருடையதையும் கேட்பார்கள். ஆகவே கடிதத்தில் ஐவரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே, 'ஒரே குடும்பம். முன்பதிவு இந்தப் பெயரில்' என்ற வரியோடு போக வேண்டும். வரவேற்பில் உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி, மரியாதைக்கு 'சமா' என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். அது உங்களைத்தான்.

நேரம்

டோக்கியோவில் விமானம் இறங்குவது 24 இரவு 10:50. குடியேற்றச் சோதனை, பெட்டி, டாக்சி முடிந்து விடுதி வாசலுக்கு 12:40 ஆகும். நாள்காட்டியில் அது 25. முன்பதிவு 24-க்கே இருக்க வேண்டும். 25-க்குப் போட்டால் மதியம் 3 மணி வரை அறை கிடையாது. 24-க்குப் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருந்தால், வராதவர் என்று குறித்து அறையை விட்டுவிடும் உரிமை விடுதிக்கு உண்டு. ஜப்பானில் நள்ளிரவைத் தாண்டிய நேரத்தை முந்தைய நாளின் நீட்சியாக '24:40', '25:00' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. "24 ஏப்ரல், 24:40-க்கு வருவோம், விமான எண் இது, வராமல் இருக்க மாட்டோம், அறையை வைத்திருக்கவும்" என்று எழுதினால் சந்தேகமே எழாது. இரவில் வாசல் பூட்டுவார்களா என்பதும் கேள்வி.

ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே. இலவச ரத்துக் கெடு '13 ஏப்ரல் 23:59' என்றால் அது விடுதியின் ஊர் நேரம். நம் கடிகாரத்தில் இரவு 8:29. சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு ரத்து செய்பவருக்குக் கட்டணம் விழும். தொலைபேசிக்கும் இதே கணக்கு. அலுவலகம் முடிந்து நாம் 7 மணிக்கு அழைத்தால் அங்கே இரவு 10:30. காலை 10 மணிக்குப் பழைய விருந்தினர் போய், மாலை 3 மணிக்குப் புதியவர் வரும்வரை உள்ள இடைவெளிதான் நல்ல நேரம். நமக்குக் காலை 6:30 முதல் 11:30. நாட்டு எண் 81. ஊர்க் குறியீட்டின் முன்னே உள்ள சைபரை விட வேண்டும். கியோட்டோவின் 075 என்பது +81 75 ஆகும்.

கார்டு

கியோட்டோ முன்பதிவுக்கு இரண்டு வாரம் கழித்துத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே ஒரு செய்தி: கார்டு சரிபார்ப்பு தோல்வி, 24 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் மறுபடி பதியவும், இல்லையேல் ரத்து. முன்பதிவு எண், பெயர், தேதி எல்லாம் சரியாக இருந்தன. விடுதியின் கணக்கைக் கைப்பற்றியவர்கள் அனுப்பும் செய்தி இப்படித்தான் இருக்கும். உண்மையான உரையாடலுக்குள்ளேயே வந்து உட்காரும். இணைப்பைத் தொடாமல், விடுதியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்டார்கள். விடுதி அப்படி எதுவும் அனுப்பவில்லை.

உண்மையான விடுதியே கேட்டாலும் கார்டு எண்ணை மின்னஞ்சலில் எழுத வேண்டாம். வெளிநாட்டு வணிகர் ஓடிபி இல்லாமலே நம் கார்டில் பணம் எடுக்க வாய்ப்புண்டு. இன்னொரு பக்கம், வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி கார்டில் அணைந்திருந்தால் விடுதி எடுக்க முயலும் உண்மையான தொகையும் திரும்பிவிடும். தள்ளுபடி முன்பதிவு அப்படியே போகும். வங்கிச் செயலியில் அந்த வசதியைத் திறந்து, வரம்பை வைத்துவிட்டுப் பதிவு செய்யலாம். அங்கே இயந்திரம் ரூபாயா யென்னா என்று கேட்டால் யென்.

கோயா மலை

சைவத்துக்காகப் போராட வேண்டியிராத ஒரே இடம் இதுதான். 816-இல் கூக்காய் துறவி நிறுவிய இந்த மலைத்தலத்தில் கோயில்களே விருந்தினரைத் தங்க வைக்கின்றன; 'ஷுகுபோ' என்று பெயர். அவர்கள் தருவது ஷோஜின் ரியோரி என்ற துறவியர் உணவு. மீனில்லை, முட்டையில்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. தாஷி கொம்பும் காளானும். எள்ளில் செய்த கோமா தோஃபுவும் உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபுவும் தட்டில் வரும்.

ஆனால் இங்கே கேள்விகள் வேறு பக்கம் இருக்கின்றன. இரவு உணவு மாலை 5:30 அல்லது 6 மணிக்கு. 5 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் உணவு போய்விடும், எடுத்து வைக்க மாட்டார்கள். கியோட்டோவிலிருந்து ஒசாகா வந்து, நம்பாவில் நான்காய் ரயில் பிடித்து, கோக்குராக்குபாஷியில் கேபிள் காருக்கு மாறி, மேலே பேருந்தில் ஏற வேண்டும். கேபிள் கார் நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் பேருந்துச் சாலையில் நடக்க அனுமதியில்லை. முட்டுவலிக்காரரோடு காலை 11-க்குள் கிளம்பினால் நிம்மதி. மலை சுமார் 800 மீட்டர் உயரம். மே முதல் தேதியும் இரவு குளிரும். கேட்டவை: அறையில் சூடேற்றி உண்டா, மேல்நாட்டுக் கழிப்பறை அறைக்குள்ளா தாழ்வாரத்திலா, பொதுக் குளியலறைக்கு நேரம் என்ன, உணவுக் கூடத்திலும் காலைப் பூசையிலும் பாட்டிக்கு நாற்காலி கிடைக்குமா, ரொக்கம் மட்டும்தானா.

பதில் வராத நான்காவது விடுதி இதுதான். மூன்றாவது நாளும் வராததால் காலை 8 மணிக்கு அழைத்து, ஆங்கிலத்தில் மூன்றே சொற்றொடர்: பெயர், தேதி, "ஒரு நாற்காலி, ஆமா இல்லையா". துறவி ஒருவர் எடுத்தார். நாற்காலி உண்டு, சூடேற்றி உண்டு, கழிப்பறை தாழ்வாரத்தில், ரொக்கம் கொண்டு வரவும். முன்பு அனுப்பிய கடிதம் அவர்களுடைய ஸ்பாமில் கிடந்தது. அழைப்பு முடிந்ததும் இந்த நான்கு பதில்களையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, "சரியா?" என்று கேட்டார்கள். மறுநாள் ஒற்றைச் சொல்லில் பதில்: "ஹாய்". ஜப்பானிய மொழியில் அது 'ஆம்'.